நியூ ஆர்லியன்ஸில் நான் ஒளித்துத் தின்றவை

தூத்துக்குடி
மார்கழி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக்கூடாத சேதி. படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் காட்டு. அவள் வந்து இறங்குவதற்குள் கிழித்துப் போட்டுவிடு.

பயணம் தை பிறந்துதான். ஆனாலும் இப்போதே வீட்டில் கால் வைக்க இடமில்லை. கருப்பட்டி ஆறு கிலோ, சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பு உளுந்து என்று பெட்டி நிறைந்துவிட்டது. பூண்டு ஒரு பை கட்டி வைத்திருந்தாள். "அமெரிக்காவில் பூண்டு கிடைக்காதா?" என்றால், "நாட்டுப் பூண்டு கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்கிறாள். சுறாக் கருவாட்டை மட்டும் நான் கண்டிப்பாக இறக்கி வைத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

உன் இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு போருக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்புகிறாள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு உறுத்துகிறது. மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் இருவரும் வந்து ஐந்து மாதம் உன்னோடு இருந்தோமே, அந்த ஐந்து மாதத்தில் அவள் பார்த்த நியூ ஆர்லியன்ஸ் என்ன? உங்கள் வீட்டு அடுப்படி, ஆஸ்பத்திரி, பலசரக்கு வாங்கப் போகும் இந்தியன் கடை. காலையில் உளுந்தங்களி, மத்தியானம் பூண்டுக் குழம்பு, ராத்திரி உனக்கு ரசம், மாப்பிள்ளைக்குத் தோசை. நடுவில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. இந்த லட்சணத்தில் ஊருக்குத் திரும்பி வந்து பக்கத்து வீட்டில் அவள் சொன்னது: "அந்த ஊர்ல சாப்பிட ஒண்ணுமே கிடையாது."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த ஐந்து மாதமும் நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். காலையில் "நடந்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்புவேனே, நடந்தது டிராம் நிறுத்தம் வரைக்கும்தான். செயின்ட் சார்ல்ஸ் தெருவில் அந்தப் பச்சை டிராம் வருமே, ஒன்றேகால் டாலர் கொடுத்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். 1835-இல் தொடங்கிய தடமாம். வேகமும் அந்தக் காலத்து வேகம்தான். எனக்கு அது பிடித்திருந்தது. ஹார்பரில் முப்பது வருஷம் கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதியவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீர்க் கரையைப் பார்க்க வேண்டும். மிசிசிப்பிக் கரைக்குப் போனேன். கரை ஓரத்தில் பிரெஞ்ச் மார்க்கெட் பக்கம் பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பந்தல் தெரிந்தது. காப்பி வாசனை வந்தது. அவ்வளவுதான், வழி தவறிவிட்டேன்.

கஃபே டு மாண்ட். 1862-இலிருந்து இருக்கிற கடை. அங்கே காப்பியில் சிக்கரி கலக்கிறார்கள் பாப்பா! காப்பிக்கொட்டையோடு சிக்கரி வேரை வறுத்து அரைத்து, பாதிக்குப் பாதி சுடு பால் ஊற்றித் தருகிறார்கள். முதல் வாய் குடித்ததும் கீழூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. காப்பித்தூள் கடையில் "எண்பதுக்கு இருபதா, எழுபதுக்கு முப்பதா" என்று கேட்பார்களே, அதே கசப்பு, அதே கெட்டி. சிக்கரி கலக்கிற பழக்கம் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்ததாம். அப்புறம் 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கி வடக்குக் கடற்படை அந்தத் துறைமுகத்தை அடைத்துப் போட்டபோது, காப்பிக்கொட்டை வந்து இறங்கவில்லை. இருந்த கொஞ்சத்தைச் சிக்கரி போட்டு நீட்டித்திருக்கிறார்கள். போர் முடிந்தும் நாக்கு மாறவில்லை. துறைமுகம் அடைபட்டால் ஊர்ச் சமையல் மாறும் என்பது எனக்குப் புரிகிற சங்கதி.

காப்பியோடு பென்யே என்று ஒன்று. சதுரமான புளித்த மாவுப் பணியாரம், சுடச்சுட மூன்று. அதன்மேல் பொடித்த சீனியைக் கூடையோடு கவிழ்த்த மாதிரி கொட்டித் தருவார்கள். அதைத் தின்னும்போது சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது. நான் தும்மினேன். கறுப்புக் கால்சட்டை முழுக்க வெள்ளை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பார்த்துவிட்டு "என்ன சுண்ணாம்பு?" என்றாள். "சுவர்ல சாஞ்சுட்டேன்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் "இனிமே பார்த்துச் சாயுங்க" என்று துவைக்கப் போட்டுவிட்டாள். தெரிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அடுப்படியில் இருக்கும் மஞ்சள் டின் அந்தக் கடையுடையதுதான். அமெரிக்காவில் நம்மாட்கள் பாதிப்பேர் அந்த டின்னை வாங்கிப் பித்தளை ஃபில்டரில் போட்டு ஊர்க் காப்பி குடிக்கிறார்கள் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். அந்த டின் வருகிற கடை டிராம் தூரத்தில் இருக்கும்போது, அம்மா ஐந்து மாதம் அந்தத் தூளில் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாளே தவிர, ஒருநாள்கூட அந்தப் பந்தலில் உட்கார்ந்து யாரோ போட்ட காப்பியைக் குடிக்கவில்லை. முதல் வேலையாக அவளை அங்கே கூட்டிப் போ. வெளிர் நிறச் சேலை கட்டச் சொல்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆறு வருஷமாக அங்கே இருக்கிறாய். உங்கள் ஃப்ரீசரைத் திறந்தால் சப்பாத்தி, பனீர், திரும்பவும் சப்பாத்தி. வெளியே போனால் பீட்சா. தண்ணீர் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இறால் வாங்காமல் இருக்கிறவளை நம் தெருவில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறீர்கள், புரிகிறது. சரி, விடு.

அம்மாவுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பது உனக்குத் தெரியும். மாடும் பன்றியும் கிடையாது. செவ்வாய், வெள்ளி சைவம். மற்ற நாளில் மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. இதில் மீன் சுலபம், பன்றிதான் கஷ்டம். அந்த ஊரில் பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. கீரையில் இருக்கும். பயற்றில் இருக்கும். ஆண்டுயி என்று ஒரு புகைபோட்ட சாசேஜ், கம்போ என்கிற குழம்பிலும் ஜம்பலாயா என்கிற கலந்த சோற்றிலும் அது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

நானே மாட்டினேன். அது ஒரு திங்கட்கிழமை. எல்லாக் கடை வாசலிலும் சிவப்பு பீன்ஸ், சோறு என்று எழுதிப் போட்டிருந்தது. நம் ராஜ்மாவைப் போன்ற பயறு, குழைய வேகவைத்து வெள்ளைச் சோற்றில் ஊற்றித் தந்தார்கள். பார்த்தால் சைவச் சாப்பாடு மாதிரி சாதுவாக இருந்தது. தட்டை வழித்துத் தின்ற பிறகு பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் திங்கள்கிழமை துணி துவைக்கிற நாளாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய ஹாம் எலும்பைப் பயற்றோடு அடுப்பில் போட்டுவிட்டால், நாள் முழுக்கக் கிளறாமல் தானே வெந்துகொண்டிருக்கும். பெண்கள் துணியைப் பார்க்கலாம். துவைக்க மிஷின் வந்தும் கிழமை மாறவில்லை என்றார். நான் "ஹாம் எலும்பா?" என்றேன். அவர் "அது இல்லாமல் ருசி எங்கேயிருந்து வரும்?" என்றார். அதற்கு மேல் என்ன பேச? வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா "ரெண்டாந்தரம் குளிக்கிறீங்களே, வேர்வையா?" என்றாள். கடை பெயர் சொல்ல மாட்டேன், தப்பு என் பேரில்தான். கேட்காமல் தின்றேன். நீ கேட்டு வாங்கு. பன்றி போடாமல் சமைக்கிற கடையும் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். அந்தச் சிவப்பு பீன்ஸ் பொட்டலம் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த ஊரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற டிரம்பெட்காரர், கடிதம் எழுதினால் "அன்புடன்" என்று முடிக்காமல் "சிவப்பு பீன்ஸும் சோறுமாகத் தங்கள்" என்கிற பாணியில் கையெழுத்துப் போடுவாராம். உலகமெல்லாம் சுற்றியவருக்கும் திங்கள்கிழமைச் சாப்பாடுதான் நினைப்பு.

கம்போவைப் பற்றி அம்மாவிடம் நீயே பேச்செடு. "வெண்டைக்காய்" என்று ஆரம்பித்தால் போதும், காது கொடுப்பாள். கம்போ என்ற சொல்லே மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அந்தக் காய் வந்தது, பெயரும் வந்தது, சமையலும் வந்தது. அரிசி பயிரிடத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அந்த லூசியானா மாநிலத்தின் சோற்றுக்குப் பின்னால் அவர்கள் கை இருக்கிறது. சிலர் வெண்டைக்காய்க்குப் பதில் ஃபிலே போடுவார்கள். அது சாசஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி, அந்த மண்ணின் சொக்டா பழங்குடிகள் கொடுத்தது. அடியில் கிடக்கிற ரூ பிரெஞ்சுக்காரனுடையது. எண்ணெயும் மைதாவும் சம அளவு போட்டு, கையை எடுக்காமல் முக்கால் மணி நேரம்வரைகூடக் கிளறுவார்கள். வெளுப்பு போய், மஞ்சளாகி, கருப்பட்டி நிறத்துக்கு வரவேண்டும். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் விழும். இந்த மூன்றையும் அங்கே திரித்துவம் என்றே சொல்கிறார்கள், கோயில் சங்கதி மாதிரி.

அம்மாவுக்கு வெண்டைக்காய் வழவழவென்று இருந்தால் ஆகாது, மோர் தெளித்து வதக்குகிறவள். கம்போவில் அந்த வழவழப்புதான் குழம்பைக் கெட்டியாக்குகிறது. ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் கம்போவை வீட்டிலேயே மாப்பிள்ளை செய்யட்டும். நண்டு, இறால், வெண்டைக்காய் போதும், சாசேஜ் வேண்டாம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லட்டும். முப்பத்தைந்து வருஷமாக அவள் சமையலுக்கு நான் சொன்னதையெல்லாம் ஒருநாள் அவளும் இன்னொருவருக்குச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

டூக்கி சேஸுக்குக் கட்டாயம் கூட்டிப் போ. அங்கே கம்போவில் சாசேஜும் ஹாமும் போடுவார்கள், அவளுக்கு ஆகாது. கோழி வறுவல் வாங்கிக் கொடு. நான் அந்த இடத்தைச் சொல்வது கோழிக்காக மட்டும் இல்லை. 1941-இல் தொடங்கிய கறுப்பர் குடும்பத்துக் கடை. லியா சேஸ் என்ற அம்மாள் 1946-இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, சாண்ட்விச் விற்றுக்கொண்டிருந்த கடையை வெள்ளை மேஜைவிரிப்புப் போட்ட உணவகமாக ஆக்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்காரச் சட்டம் விடாத காலத்தில், அந்தக் கடை மாடியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கம்போ சாப்பிட்டுக்கொண்டே உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். 2005-இல் கத்ரீனா புயலில் கரை உடைந்து கடைக்குள் தண்ணீர் புகுந்தது. எண்பதைத் தாண்டிவிட்ட பிறகும் அந்த அம்மாள் விடவில்லை. எதிரிலேயே ஒரு டிரெய்லர் வண்டியில் குடியிருந்துகொண்டு, 2007-இல் கடையைத் திரும்பத் திறந்தார். ஒபாமா வந்து, கம்போவில் காரச் சாஸை ஊற்றியபோது அவரையே அதட்டியிருக்கிறார். நம் ஆச்சிக்கும் அந்தக் குணம் உண்டு, குழம்பைத் தொடாமல் உப்புக் கேட்டால் தெரியும் சேதி. லியா சேஸ் 2019-இல் தம் 96-ஆம் வயதில் இறந்தார். இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துகிறார்கள். பெரிய வியாழன் அன்று கம்போ செர்ப் என்று கீரைக் கம்போ ஒன்று அங்கே விசேஷம். ஒற்றைப்படை எண்ணிக்கையில், பெரும்பாலும் ஒன்பது வகைக் கீரை. எத்தனை கீரையோ அத்தனை புதுச் சிநேகிதர்கள் அந்த வருஷம் கிடைப்பார்கள் என்று நம்பிக்கை. அதிலும் இறைச்சி உண்டு, அதையும் அம்மாவிடம் கதையாக மட்டும் சொல்.

போ-பாய் அவளுக்குச் சிரமமில்லை. இறால் வறுவலை நீளமான ரொட்டிக்குள் அடைத்துத் தருவது. "டிரெஸ்டு" என்று சொல்லி வாங்கு. அப்படியென்றால் கோஸ் மாதிரி நறுக்கிய லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய், மயோனைஸ் எல்லாம் உண்டு என்று அர்த்தம். ரொட்டிதான் அதில் சங்கதி. மேலே அப்பளம் போல நொறுங்கும், உள்ளே பஞ்சு. நான் அனன்சியேஷன் தெருவில் டொமிலீஸ் என்ற பழைய மூலைக்கடையில் நாலு தடவை தின்றேன். வீடு மாதிரிதான் இருக்கும், கடை என்றே தெரியாது.

அதன் பெயர்க் கதையைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1929-இல் அந்த ஊர் டிராம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ட்டின் சகோதரர்கள் என்று இரண்டு பேர், முன்னாள் டிராம் கண்டக்டர்கள், மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்தார்கள். பழைய கூட்டாளிகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று சொல்லிவிட்டார்கள். வேலைநிறுத்தக்காரர் ஒருவர் வாசலில் தெரிந்தால், "இதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்" என்று உள்ளே குரல் கொடுப்பார்களாம். புவர் பாய், அது நாக்கில் தேய்ந்து போ-பாய். எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று, நுனி கூம்பாத, ஒரே அகலமான ரொட்டியை கெண்டுசா என்ற ரொட்டிக்காரர் சுட்டுக் கொடுத்தாராம். நாங்கள் ஹார்பரில் ஸ்டிரைக் பண்ணிய காலத்தில், நீ கைக்குழந்தை, கேட் எதிரில் டீக்கடைக்காரர் பன்னும் டீயும் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதாமல் இருந்தார். "எழுதுங்க அண்ணாச்சி" என்றால், "பேனாவுல மை இல்ல" என்பார். அவருக்கு அமெரிக்காவில் கடை இருந்திருந்தால் அவர் பன்னுக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

இனி மெய்யாகவே மறைக்க வேண்டியது. மேகசின் தெருவில் காசமெண்டோஸ் என்று ஒரு கடை, 1919-இல் இத்தாலிக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. தரை, சுவர் எல்லாம் டைல்ஸ். குளியலறைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கோடைக்காலத்தில் சிப்பி சரியாக இருக்காது என்று கடையையே மாதக்கணக்கில் பூட்டிவிடுவார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அங்கே சிப்பியைப் பச்சையாகத் தின்றேன். ஆமாம், பச்சையாக, உயிரோடு! ஓட்டைத் திறந்து கல்மேஜை மேல் வைக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து, காரச் சாஸ் ஒரு சொட்டு விட்டு, அப்படியே வாய்க்குள். கடலையே ஒரு மடக்கு குடித்த மாதிரி. முத்துக்குளித்த ஊர்க்காரன் நான். நம் ஊரில் சிப்பியைத் திறந்தால் முத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள், சதையை யார் மதித்தார்கள்? அறுபத்திரண்டு வயதில் சதையைக் கண்டுபிடித்தேன். ஒரு டஜன். இதை அம்மாவிடம் சொல்லவே சொல்லாதே, என் தட்டைத் தனியாக வைத்துவிடுவாள். அவளுக்குப் பச்சை வேண்டாம். வறுத்த சிப்பியைத் தடித்த ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருவார்கள், அது போதும். மே மாதத்துக்குள் போய்விடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குத்தான் வழி யோசிக்க வேண்டும். கிழக்கே வியட்நாமியர்கள் குடியிருக்கிற பகுதிக்குக் காரில் போங்கள். 1975-இல் சைகோன் விழுந்த பிறகு வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஊரைப் போலப் பிரெஞ்சுக்காரனும், நம்மைப் போல மீன், சோறு, வெயிலும் பழக்கம். டாங் ஃபுவாங் என்று அவர்கள் பேக்கரி ஒன்று, 1982-லிருந்து. டோஃபு வைத்த பான் மீ என்கிற அவர்கள் சாண்ட்விச் வாங்கிக் கொடு, மீன் சாஸ் போடாமல். கிங் கேக்கும் அங்கே பிரசித்தம், ஜனவரி 6-லிருந்து மார்டி கிரா திருவிழா வரைக்கும்தான் கிடைக்கும், காலையிலேயே தீர்ந்துவிடும். கேக்குக்குள் ஒரு பிளாஸ்டிக் குழந்தை ஒளிந்திருக்கும், யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் வாங்க வேண்டும். பேரனுக்குக் கிடைக்கிற மாதிரி வெட்டு, ஆனால் வாயில் போடாமல் பார்த்துக்கொள். அந்தப் பகுதி வீடுகளில் வயதானவர்கள் பாகற்காயும் சேப்பங்கிழங்கும் போட்டிருப்பார்கள். அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் கூச்சப்படாதே, அவர்களும் அவளும் பாஷை இல்லாமலே பேசிவிடுவார்கள்.

காலாஸ் கிடைத்தால் விடாதே. வெந்த சோற்றைப் புளிக்கவைத்து, மாவும் சீனியும் சேர்த்து எண்ணெயில் பொரிக்கிற உருண்டை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கறுப்பினப் பெண்கள் தெருவில் கூவி விற்றது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அடிமைகள் தங்கள் விலையைக் கொடுத்து விடுதலை வாங்க வழி இருந்தது. அந்தப் பலகாரத்தை விற்றுச் சேர்த்த காசில் அப்படி மீண்டவர்கள் உண்டு. இப்போது சில கடைகளில்தான் போடுகிறார்கள். நான் ஒரே ஒரு தடவை தின்றேன். நம் பணியாரத்துக்குத் தூரத்து உறவு.

மார்ச், ஏப்ரலில் கிராஃபிஷ் வரும், சிங்கி இறாலின் கைக்குழந்தை மாதிரி. மிளகாய் கொதிக்கிற தண்ணீரில் உருளை, சோளத்தோடு வேகவைத்து, பேப்பர் விரித்த மேஜையில் கொட்டிவிடுவார்கள். தட்டும் கிடையாது, கரண்டியும் கிடையாது. தலையைத் திருகி உறிஞ்சிவிட்டு, வாலை நசுக்கிச் சதையை இழுக்க வேண்டும். மற்ற கடையில் அம்மா முள்கரண்டியைப் பார்த்துக் கூசுவாள், இங்கே அவளை யாரும் ஜெயிக்க முடியாது. நண்டுக் காலை உடைக்கிற அவள் கையை அந்த ஊர்க்காரர்கள் ஒருநாள் பார்க்கட்டும். உனக்குக் காரம் ஆகாது, நீ வேடிக்கை பார்.

வெயில் ஏறியதும் சாப்பிட்டூலஸ் தெருவில் ஹேன்சன்ஸ். பெயரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, டிராமில் ஒரு பெண் மூன்று தடவை திருத்தினாள். 1939-லிருந்து பனிக்கட்டியைப் பூவாகச் சீவி சாறு ஊற்றித் தருகிற கடை. சீவுகிற மிஷினைக் கணவர் செய்தார், சாறுகளை மனைவி காய்ச்சினார். அறுபது வருஷத்துக்கும் மேலாக இருவரும் சேர்ந்து நடத்தி, கத்ரீனாவுக்குப் பிறகு சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பேத்திதான் அதே மிஷினை ஓட்டுகிறாள். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நான் நின்றேன். கையில் கப்போடு திண்ணையில் உட்கார்ந்தபோது, அவள் அங்கே உனக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு வந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. கட்டி எடுத்துக்கொண்டு வரவும் முடியாத பண்டம்.

அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பிரசவம் பார்க்க வருகிறாள், பார்க்கட்டும், வேண்டாம் என்றால் அழுவாள். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் அடுப்பைப் பூட்டிவிடுங்கள். பிள்ளையை மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் பார்க்க மாட்டாரா? ஆச்சியைத் தனியே விட முடியாமல் நான் இந்தத் தடவை வரவில்லை என்பது ஒருவிதத்தில் நல்லது. நான் இருந்தால் "அவர் சாப்பிட்டாரா, அவருக்கு என்ன வேணும்" என்று என் வாயைத்தான் பார்ப்பாள்.

நான் முன்னாலேயே போன இடங்கள் என்று எங்கேயும் உளறிவிடாதே. ஊருக்குத் திரும்பியதும் அவளே சொல்லட்டும். காப்பியில் சிக்கரி போடுகிறார்கள் தெரியுமா என்பாள், சீனியைக் கொட்டித் தருகிறார்கள் என்பாள். நான் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்படியா?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேரனுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அப்பா

கொசுறு: அந்த ஊரில் கடைக்காரர் மேலே ஒன்று சேர்த்துப் போட்டால் அதற்கு லான்யாப் என்று பெயர். நம் கொசுறுதான், சுத்தமாக அதேதான். நான் பிரலீன் வாங்கிய கடையில் ஐந்துக்கு ஆறாகக் கொடுத்தார்கள். பிரலீன் தெரியுமில்லையா, பீக்கான் பருப்பும் சீனிப்பாகும் போட்டது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு வாயில் வைத்ததும் கரைகிற ஒரு தங்கச்சி. அம்மா திரும்பும்போது கருப்பட்டி காலியான பெட்டியில் இடம் இருக்கும். மஞ்சள் டின் இரண்டு, பிரலீன் ஒரு பெட்டி. எனக்கு என்று எழுதாதே, ஆச்சிக்கு என்று எழுதி அனுப்பு.